மத்தியதரைக் கடலில் நீந்தியவர்களுக்கு, தவளக்குப்பத்திலிருந்து

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது நம் இலக்கிய இதழ்களிலும் இணையப் பக்கங்களிலும் அந்தக் கட்டுரை வந்துவிடுகிறது. எழுதுபவர் மாறுவார், ஊர் மாறும். தென் பிரான்சாக இருக்கலாம், கிரேக்கத் தீவாக இருக்கலாம், துருக்கியின் தென்மேற்குக் கரையாகவும் இருக்கலாம். காலையில் படகேறுகிறார்கள். நீரின் நிறத்துக்கு ஒரு பத்தி. முதல் குடாவில் நங்கூரம் இறங்குகிறது, எல்லோரும் குதிக்கிறார்கள். நண்பகலில் மீனும் ரொட்டியும் ஆலிவ் காய்களும். மூன்றாவது குடாவில் ஹோமர் வருவார். அவர் வரத் தவறினால் காம்யு. மாலையில் உப்பு காய்ந்த உடம்போடு துறைக்குத் திரும்பும்போது எழுதுபவருக்கு நம் கரை நினைவுக்கு வருகிறது. நம்மிடமும் கடல் இருக்கிறதே, நமக்கு ஏன் இப்படி ஒருநாள் வாய்க்கவில்லை? இந்தப் பெருமூச்சோடு கட்டுரை முடியும். பல சமயம் அந்தப் பெருமூச்சில் புதுச்சேரியின் பெயரும் இருக்கும்.

இக்கட்டுரைகளை நாங்கள் விரும்பியே வாசிக்கிறோம். தமிழில் பயண எழுத்து என்றால் கோபுரமும் கல்வெட்டும் என்றிருந்த நிலையில், உடம்பு நீரில் இறங்கிய அனுபவத்தை எழுத ஒருவர் முன்வருவது நல்ல காரியம். எங்கள் வழக்கெல்லாம் அந்தக் கடைசிப் பெருமூச்சோடுதான். அது கேள்வி போல ஒலிக்கிறது, ஆனால் விடை வேண்டி நிற்பதில்லை. பெயர் இழுக்கப்பட்ட ஊர்க்காரர்கள் என்ற முறையில் விடையை நாங்களே சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

தவளக்குப்பத்தில் மாதம் ஒருமுறை கூடி வாசிக்கும் நாங்கள் ஏழு பேர். புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் சுண்ணாம்பாற்றுப் பாலத்தைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் இருப்பது எங்கள் ஊர். கிழக்கே போனால் பூரணாங்குப்பம், நல்லவாடு, அப்புறம் கடல். ஆற்றின் வடகரையில் நோணாங்குப்பம் படகுத்துறை. அங்கே படகேறினால் அரைமணிக்குள் கழிமுகத்து மணல்திட்டில் இறக்கிவிடுவார்கள். அந்தத் திட்டுக்கு வைத்திருக்கும் பெயர் பாரடைஸ் பீச். இன்னும் சற்று வடக்கே சின்ன வீராம்பட்டினத்துக் கரைக்கு ஈடன் பீச் என்று பெயர். 2021-இல் அதற்கு நீலக்கொடிச் சான்றிதழும் கிடைத்தது. ஆக, எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு சொர்க்கமும் ஓர் ஏதேன் தோட்டமும் இருக்கின்றன. பெயர் வைத்தவர்கள், அடுத்த தெருவில் செங்கழுநீர் அம்மன் இருப்பதையும், ஆடி மாதத் தேருக்குப் பிரெஞ்சு ஆளுநரே வந்து வடம் பிடித்த மரபு அந்தக் குப்பத்துக்கு உண்டு என்பதையும் யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சுற்றுலாத் துறையின் பெயர்ப்பலகைக்கும் நம் பயணக் கட்டுரையின் கடைசிப் பத்திக்கும் இடையே பெரிய வேறுபாடு எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டுமே இந்தக் கரையை வேறொரு கரையின் மங்கிய நகலாகப் பார்க்கின்றன.

நகல் எடுக்க முடியாத கரை இது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். மத்தியதரைக் கடல் ஏறக்குறைய மூடப்பட்ட கடல். ஜிப்ரால்டரில் ஒரு குறுகிய வாய். அதன் வழியாகத்தான் பெருங்கடலோடு பேச்சுவார்த்தை. ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரும்பாலான இடங்களில் ஒரு முழத்தைக்கூடத் தொடுவதில்லை. மார்செய்க்குப் பக்கத்தில் கலாங்க் என்று வழங்கும் குடாக்கள், சுண்ணாம்புப் பாறைக்குள் கடல் விரல் நுழைத்தாற்போன்றவை. காற்று மறைவு உண்டு, நீர் தெளிவு, கோடை வறண்ட கோடை. படகு நிற்கும், மனிதர் இறங்கலாம், திரும்ப ஏறலாம். அங்கேகூட நிலைமை கட்டுரைகளில் வருவதுபோல் இல்லை. 2012-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தப் பகுதியில், சுஜிதோன் என்ற குடாவுக்குக் கோடையில் நாளொன்றுக்கு 400 பேர்தான், அதுவும் முன்பதிவு செய்தால்தான் என்று 2022 முதல் கட்டுப்படுத்திவிட்டார்கள். வருவோரின் காலடிகளே மண்ணை அரித்துக்கொண்டு போயின.

சோழமண்டலக் கரையில் குடா ஏது? வடக்கு தெற்காக நீட்டிப் போட்ட மணல், அதன்மேல் வங்கக் கடலின் அலை. ஆறு மாதத்துக்கு மேல் மணல் வடக்கு நோக்கி நகரும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும், கணக்குப் பார்த்தால் வடக்கே போவதே மிகுதி. அரியாங்குப்பத்தாற்று முகத்தில் 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டியபோது இந்த நகர்வு மறிபட்டது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்துக் கடற்கரை கரைந்து கருங்கல் குவியலாயிற்று. 2018-இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டை இறக்கிய பிறகுதான் தலைமைச் செயலகத்தின் எதிரே மறுபடியும் கொஞ்சம் மணலைப் பார்த்தோம். பிரெஞ்சுக் கப்பல்கள் இங்கே கரையை அணைந்ததே இல்லை. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அலை கடத்திக் கொண்டுவந்தது சலங்கு. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை வாசித்தவர்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கும். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு. அலை அறையும்போது உடம்பை நெளித்துக் கொடுக்கும். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அதே அலையில் உடைந்துபோகும் என்பதைக் கண்டுகொண்ட பிரெஞ்சுக்காரர்கள், படகோடு பெயரையும் தங்கள் மொழிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு சொல்லும் இங்கிருந்து போனதுதான். மத்தியதரைக் கடலின் ஒருநாள் உலாவுக்குப் பலர் ஏறும் இரட்டை உடல் பாய்மரப் படகுக்கு அங்கே கட்டமரான் என்று பெயர். வில்லியம் டாம்பியர் 1697-இல் அச்சிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். நாலைந்து மரங்களைக் கயிற்றால் பிணைத்து, பொழுது விடிவதற்குள் அலையைக் குத்திக் கடக்கும் மிதவை நம்முடையது. இரட்டை உடல் படகுக்கும் அதற்கும் உறவில்லை. பெயர் மட்டும் எப்படியோ போய் ஒட்டிக்கொண்டது. நம் கட்டுரையாளர் கட்டமரானில் ஏறி, அதன் வலைமேடையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, நமக்குக் கடற்பயண மரபு இல்லை என்று வருந்துகிறார். இதை வாசித்தபோது எங்களில் ஒருவர் சிரித்தார், மற்றவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அரிக்கமேட்டை வேறு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து மிதிவண்டியில் போகக்கூடிய தூரம்தான். 1945-இல் மார்டிமர் வீலரும், அவருக்குப் பின் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்த இடம். மத்தியதரைக் கரையிலிருந்து மதுவும் ஆலிவ் எண்ணெயும் மீன் குழம்புச் சாறும் வந்த சாடிகளின் உடைசல் அங்கே கிடைத்தது. மத்தியதரைக் கடல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தானே வந்து நம் ஆற்றங்கரையில் இறங்கியிருக்கிறது. இறக்கியவர்கள் இந்தக் கரையின் அலை தெரிந்தவர்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பழம்பெருமை பேசுவோர் வேறு பக்கங்களில் நிறையவே இருக்கிறார்கள். அலை தெரிந்தவர்கள் என்ற சொற்றொடரைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். கட்டுரையின் பெருமூச்சில் அவர்கள் எங்குமே வருவதில்லை.

இங்கே ஓர் ஒப்பீடு உதவும். துருக்கிக் கரையில் நாளெல்லாம் படகில் போய்க் குடா குடாவாக இறங்கி நீந்தும் வழக்கத்துக்கு ‘மாவி யோல்ஜுலுக்’, அதாவது நீலப் பயணம், என்று பெயர். இன்று அது பெரும் சுற்றுலாத் தொழில். அதைத் தொடங்கி வைத்தவர்கள் எழுத்தாளர்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஜெவாத் ஷாகிர் என்பவர், எழுதிய ஒன்றுக்காகத் தண்டனை பெற்று, 1925-இல் போட்ரம் என்ற அன்றைய எளிய கடற்கரை ஊருக்கு அனுப்பப்பட்டார். தண்டனை முடிந்த பின் அவர் அவ்வூருக்கே திரும்பி வந்து தங்கிவிட்டார். அவ்வூரின் பழம்பெயரான ஹாலிகர்னாசஸைச் சேர்த்து ‘ஹாலிகர்னாசஸ் மீனவன்’ என்று தமக்குப் புனைபெயர் சூட்டிக்கொண்டார். மீனவரோடும், கடலடியில் மூழ்கிக் கடற்பஞ்சு எடுப்பவரோடும் பழகி அவர்களைக் கதையாக எழுதினார். பின்னாளில் சபாஹத்தின் எயுபோலு, இலியத்தைத் துருக்கியில் மொழிபெயர்த்தவர்களில் ஒருவரான அஸ்ரா எர்ஹாத் முதலிய நண்பர்களை அழைத்துக்கொண்டு கடற்பஞ்சுக்காரர்களின் படகுகளில் போனார். சொகுசு ஒன்றும் கிடையாது. மேல்தட்டில் படுக்கை, பிடித்த மீனே உணவு. எர்ஹாத் 1962-இல் அந்தப் பயணங்களைப் பற்றி நூலாகவே எழுதினார். வரிசையைக் கவனியுங்கள். முதலில் மூழ்குபவனின் வாழ்க்கை, அப்புறம் அவனது படகு, அதற்கப்புறம்தான் ஹோமரும் நீல நிறமும். நம் கட்டுரையாளர் இந்த வரிசையின் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டு, முதல் இரண்டும் நடந்தது தெரியாமலே திரும்பி வருகிறார்.

காம்யுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அல்ஜியர்சில் பெல்கூர் என்ற தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர் அவர். வெயிலும் கடலும் காசில்லாதவருக்கும் கிடைத்த செல்வம் என்பதுதான் அவர் கடலைப் பற்றி எழுதியதன் உயிர். கட்டணம் செலுத்திப் படகேறியவரின் மூன்றாவது குடாவில் அவர் அடிக்கடி வரவழைக்கப்படுவது கொஞ்சம் வேடிக்கை. வேடிக்கையாகச் சொல்ல முடியாத ஒன்றும் அந்தக் கடலில் உண்டு. 2014 முதல் 30,000-க்கும் மேற்பட்ட ஏதிலிகள் அங்கே இறந்தோ காணாமலோ போயிருக்கிறார்கள் என்று பன்னாட்டுப் புலம்பெயர்வு அமைப்பு கணக்கு வைத்திருக்கிறது. நீலத்தை எழுதும் பத்தியில் இதற்கு இடமில்லாமல் போவது எங்களுக்கு உறுத்துகிறது.

இனி நம் வீட்டுக் கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரப்படி இந்தியாவில் 2022-இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38,000-க்கும் அதிகம். படகு உல்லாசம் என்று போனவர்களின் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2009 செப்டம்பர் 30, தேக்கடி, 45 பேர். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் பலர். 2011 டிசம்பர் 25, பழவேற்காடு, 22 பேர். 2023 மே 7, மலப்புறம் மாவட்டத்துத் தானூர், 22 பேர். ஒவ்வொரு முறையும் பேசப்பட்டவை அவையேதான்: அளவுக்கு மிஞ்சிய ஆட்கள், அணியாத லைஃப் ஜாக்கெட், ஒருபக்கமாகச் சாய்ந்த பாரம். இவற்றை ஒழுங்குபடுத்துவது அரசின் வேலை, மறுக்கவில்லை. ஆனால் படகு கவிழ்ந்த பிறகு கரை ஐம்பது முழத்திலோ நூறு முழத்திலோ இருந்தாலும் போய்ச் சேர முடியாத ஒரு சமூகமாக நாம் எப்போது ஆனோம்? இந்தக் கேள்வியை எந்த விசாரணை ஆணையமும் எடுத்துக்கொள்ளாது. இலக்கியம் படித்தவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

ஏனென்றால் நம்மிடம் சாட்சி இருக்கிறது. புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் பாட்டு ஒன்றுண்டு. கோலூன்றி நடக்கும் முதியவர், தாம் சிறுவனாக இருந்தபோது நீர்த்துறையில் தாழ்ந்த மரக்கிளையில் ஏறி, கரையில் நிற்போர் வியக்க மடுவில் பாய்ந்து, அடிமணலை அள்ளிக்கொண்டு வந்து காட்டியதை நினைத்துப் பார்க்கிறார். நிலையாமைக்குச் சான்று என்று நமக்கு அந்தப் பாட்டைப் பாடம் நடத்தினார்கள். அதில் ஒரு சிறுவன் ஆழத்துக்கு அஞ்சாமல் மூச்சடக்கி அடிமண் தொடுகிறான் என்பதை வகுப்பறையில் எவரும் சுட்டிக்காட்டவில்லை. ஆட்டனத்தியின் கதையும் அப்படித்தான். கழார் முன்துறைப் புதுப்புனல் விழாவில் நீராடியவனைக் காவிரி இழுத்துக்கொண்டு போனது. ஆதிமந்தி கரை நெடுகத் தேடினாள். பரணர் அந்தக் கதையை மீண்டும் மீண்டும் தொடுகிறார். அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தானே கடலில் மறைந்த மருதி என்பவள் அகநானூற்றில் வருகிறாள். வெள்ளம், இழுப்பு, தேடல், காப்பாற்ற இறங்கியவர் உயிர் விடுவது. இன்றும் ஆற்றங்கரைச் செய்திகளில் நாம் வாசிப்பது இதே வரிசையைத்தான், பெரும்பாலும் ஆடிப்பெருக்கை ஒட்டியே.

நீச்சல் எப்போது போயிற்று என்பதற்கு எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு விடை இருக்கிறது. எங்கள் ஏழு பேரில் நீந்தத் தெரிந்தவர் இருவர். இருவருமே ஐம்பது கடந்தவர்கள், இருவருமே வயற்கிணற்றில் கற்றவர்கள். முதுகில் சுரைக்குடுக்கையோ காய்ந்த தேங்காயோ கட்டி மாமன் முறையுள்ளவர் ஒருவர் தள்ளிவிட்டிருப்பார். மூன்றாம் நாள் குடுக்கையைக் கழற்றிவிட்டு மறுபடியும் தள்ளுவார். பாகூர்ப் பக்கத்து ஏரிகளும் வயல்தோறும் இருந்த திறந்த கிணறுகளும்தான் நீச்சல் பள்ளிக்கூடம். ஆழ்துளைக் கிணறு வந்தது. திறந்த கிணறு வற்றியது, பிறகு குப்பையால் மூடப்பட்டது. அதோடு ஒரு தலைமுறைக்குள் நீச்சலும் போயிற்று. பாசன வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லவும் நாங்கள் தயாராக இல்லை. அந்தக் கிணறுகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் குதிக்க முடிந்ததா? பெண் பிள்ளைகள்? கிணற்றுக்காரரின் உறவுப் பையன்கள் கற்றார்கள், மற்றவர்கள் மேட்டில் நின்று பார்த்தார்கள்.

பெண்களைப் பற்றிச் சொன்னதால் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். 2004 சுனாமியில், எங்களுக்குத் தெற்கே கடலூரில் இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146 என்று ஆக்ஸ்பாம் அமைப்பு 2005 மார்ச்சில் வெளியிட்ட குறிப்பு சொல்கிறது. கரையில் மீனுக்குக் காத்திருந்தவர்கள் பெண்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் பெண்கள். சுனாமி இறப்பில் பாலின வேறுபாட்டை ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணங்களில் நீந்தக் கற்றுத் தரப்படாததும் ஒன்று. சுனாமியை நீந்திக் கடக்க முடியுமா என்று கேட்பார்கள். அலையின் முகத்தில் எவராலும் முடியாது. ஆனால் அலை வடிந்த பின் இடுப்பளவு, கழுத்தளவு நீரில் எதையாவது பற்றிக்கொண்டு மிதக்கத் தெரிந்திருப்பதற்கும் தெரியாமல் இருப்பதற்கும் இடையே ஓர் உயிர் இருக்கிறது.

‘இந்தக் கடல் ஆபத்தானது, ஆகவே தடைப்பலகை வைத்ததே சரி’ என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். முதற்பாதி முழு உண்மை. அலை உடைந்து கரையேறிய நீர் ஏதாவது ஒரு குறுகிய தடத்தில் கடலுக்குத் திரும்பும். அந்தத் தடம் மேலே பார்வைக்கு அலையில்லாமல் அமைதியாகத் தெரியும். தெரியாதவர்கள் அமைதியைப் பார்த்து அங்கேதான் இறங்குவார்கள். இழுத்துக்கொண்டு போகும்போது கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்து மூழ்குவார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகினால் பல சமயம் அந்தத் தடத்தைவிட்டு வெளியே வந்துவிடலாம். கழிமுகத்தில் ஆற்றின் இழுப்பும் இதோடு சேர்ந்துகொள்ளும். சொர்க்கம் என்று பெயர் வைத்த திட்டு இருப்பது கழிமுகத்தில்தான். இவ்வளவையும் ஒரு பலகையில் எழுதியிருந்தால் எவனாவது ஒருவன் பிழைப்பான். நாம் பார்க்கும் பலகைகள் பெரும்பாலும் குளிக்காதே என்ற ஒற்றைக் கட்டளையோடு நின்றுவிடுகின்றன. கடற்கரைக்கு வருகிறவரை விளம்பரம் செய்து அழைத்துவிட்டு, வந்த பிறகு கடலைத் தொடாதே என்பது பொறுப்பைக் கைகழுவும் வழி. கட்டளையை மீறியவன் இறந்தான் என்று கோப்பை மூடிவிடலாம்.

அறிவிப்பு இருந்தும் சேராமல் போனதற்கு 2024 மே 6 சாட்சி. கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்து லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரைக் கடல் கொண்டுபோயிற்று. தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழும் புயல், சில நாட்கள் கழித்து நம் கரையில் காற்றே இல்லாத நேரத்தில் எழுப்பும் பேரலையைக் கள்ளக்கடல் என்பார்கள். கேரள மீனவர் சொல். உலக அறிவியலாளரும் இன்று அப்படியே வழங்குகிறார்கள். ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அந்த நாட்களுக்கு முன்கூட்டியே எச்சரித்திருந்தது. மீனவர்கள் படகை மேலே ஏற்றிவிட்டார்கள். விடுமுறைக்கு வந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரிந்திருக்க நியாயமில்லை.

தெரியவைக்க முடியும் என்பதற்கு எங்கள் பக்கத்து ஊர்களே எடுத்துக்காட்டு. 1990-களின் இறுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியபோது, அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இன்றைக்குக் கைப்பேசியில் கிடைப்பது அன்று அந்தக் குப்பத்துத் தெருவில் தமிழில் ஒலித்தது. 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் இருந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை சொன்னார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் கூவினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊர் மேட்டுக்கு ஓடித் தப்பியது. புதுச்சேரிக்கு வரும் பயணக் கட்டுரையாளர்கள் வெள்ளை நகரத்துச் சுவரின் மஞ்சள் வண்ணத்தை எழுதி முடித்த பிறகு நல்லவாட்டுக்கும் ஒருமுறை வரலாம். ஒலிபெருக்கிக் கம்பத்தில் அழகு இல்லைதான்.

எங்கள் கட்சி இதுதான். புதுச்சேரியில் நீந்தும் ஒருநாள் வேண்டுமென்றால் அதைப் படகிலிருந்து தொடங்கக் கூடாது, பிள்ளைகளிடமிருந்து தொடங்க வேண்டும். பிரான்சில் தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டத்திலேயே நீச்சல் இருக்கிறது, தற்காத்துக்கொள்ளும் அளவுக்கு நீந்தத் தெரியும் என்பதற்குச் சான்றிதழும் தருகிறார்கள். கட்டுரையாளர் குடாவில் பார்த்த, பயமில்லாமல் குதித்த பத்து வயதுச் சிறுமி, பிறக்கும்போதே அப்படிப் பிறந்தவள் இல்லை. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து தெருப்பெயரையும் காவலர் தொப்பியையும் ரொட்டியையும் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் ஊர், வைத்துக்கொள்ளத்தக்க இந்த ஒன்றைப் பிற்காலத்திலாவது கேட்டு வாங்கியிருக்கலாம். எத்தனையோ குடும்பங்களில் பாதிப்பேர் அங்கே இருக்கிறார்கள். கோடைக்கு வரும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நீந்துகிறார்கள், இங்கே இருக்கும் சித்தப்பா பிள்ளைகள் கரையில் நின்று செருப்புக்குக் காவல் இருக்கிறார்கள்.

யார் கற்றுத் தருவது என்றால், அதற்கும் ஆள் இருக்கிறது, காலமும் இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். பள்ளி விடுமுறையும் இதே காலத்தில்தான் வருகிறது. வன்னி, தெண்டி என்று நீரோட்டத்தின் ஒவ்வொரு திசைக்கும், வாடை, கச்சான், கொண்டல் என்று ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் வைத்திருக்கும் மனிதர்கள் அந்த இரண்டு மாதம் வலை தைத்துக்கொண்டும் நிவாரணத் தொகைக்குக் காத்துக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்களில் உடன்படுகிறவர்களுக்கு முதலுதவிப் பயிற்சி அளித்து, ஊதியம் கொடுத்து, முதலில் குளத்திலும் காயலின் ஆழமற்ற பகுதியிலும், தேறியவர்களுக்கு மட்டும் கடலிலும் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தரச் செய்யலாம். பெண் பிள்ளைகளுக்குப் பெண்கள். மீனவர் எல்லோருமே நன்றாக நீந்துவார்கள் என்ற கற்பனை எங்களுக்கு இல்லை. அவர்களுக்குக் கடல் பணியிடம், விளையாட்டுத் திடல் இல்லை. விடுமுறை நாளில் அலுவலகத்துக்குப் போக எழுத்தருக்கு எவ்வளவு ஆசை இருக்குமோ அவ்வளவே அவர்களுக்கும் இருக்கலாம். ஆகவே தொண்டு என்று கேட்கக் கூடாது, கூலி பேசிக் கேட்க வேண்டும்.

இதைக் கொம்யூன் பஞ்சாயத்தில் சொன்னால் பணம் ஏது என்பார்கள். விழாக்களுக்கும் வண்ண விளக்குகளுக்கும் கிடைக்கும் பணம் இதற்கும் கிடைக்கும் என்பது எங்கள் துணிபு. ஆனால் நாங்கள் இப்போது பேசுவது பஞ்சாயத்தோடு இல்லை, உங்களோடு. நெய்தலை மனப்பாடம் செய்தவர்கள் நீங்கள். இரங்கல் என்ற உரிப்பொருளை எந்த மேடையிலும் விளக்குவீர்கள். நம் எழுத்தில் கடல் வண்ணநிலவனிடமும் ஜோ டி குரூஸிடமும் வந்தபோது கொண்டாடினோம், பரிசளித்தோம். அந்த நாவல்களின் மனிதர்கள் தினமும் எதைக் கடந்து போய்த் திரும்புகிறார்கள் என்பதை, நீந்தத் தெரியாத நம் உடம்பைக் கொண்டு நாம் எவ்வளவு தூரம் உணர்ந்திருப்போம்?

அடுத்த முறை மத்தியதரைக் கடலில் நீந்திவிட்டு வருகிறவர், தாராளமாக நீலத்தை எழுதட்டும், மூன்றாவது குடாவில் ஹோமரையும் அழைக்கட்டும். கூடவே மூன்று விவரங்களையும் எழுதினால் எங்களுக்குப் பயன்படும். அந்தப் படகை ஓட்டியவர் யார், அவர் தந்தை என்ன தொழில் செய்தார்? படகிலிருந்த பிள்ளைகள் எங்கே, யாரிடம், எத்தனை வயதில் நீந்தக் கற்றார்கள்? அதற்கு யார் பணம் கொடுத்தார்கள்? அப்படியொரு கட்டுரை வந்தால் படியெடுத்துக்கொண்டு ஏப்ரல் 15-க்கு முன்பாக நல்லவாட்டுக்கும் வீராம்பட்டினத்துக்கும் போய் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் வாசித்துக் காட்டுவதாக இருக்கிறோம். எங்களில் ஐந்து பேர் பெயரை, வயதைப் பொருட்படுத்தாமல், கற்றுக்கொள்பவர் பட்டியலில் முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம்.